கால் சுற்று

களியக்காவிளையில் கடை சாத்தும் நேரம், மழை.
கூடையில் மிச்ச மீனோடு
மொபெட்டைத் தள்ளிவந்தான் தங்கநேசன்.
கையில், புல்லட்டில் கழற்றிய கார்புரேட்டர்.
"சும்மா கெடந்த சாமானம். மாட்டித் தாரும்."

பெரிய வாய். இழுக்கிற நெஞ்சோ சிறிது.
காற்று அவசரமில்லாமல் நுழைந்து
பெட்ரோலைத் தொடாமலே போய்விடும்.

ஜெட்டை ஈயம் வைத்து அடைத்து
பிரேக் கேபிளின் ஒற்றை இழை கனத்தில்
மறுபடி துளைத்தேன்.
கேஸ்கெட்டுக்கு
மகளின் கணக்கு நோட்டு அட்டை.

பத்து மிதியில் கரும்புகை,
பதினோராவதில் குரல்.
கிளம்பிப் போனவன்
செக்போஸ்ட் தாண்டியதும் இருமி நின்றான்.

ஸ்க்ரூடிரைவரோடு ஓடினேன்.
காற்றுத் திருகாணி, கால் சுற்று வெளியே.
சீராய்த் துடித்தது.

அந்தக் கால் சுற்று மட்டும்
கேரளத்தில் செய்த வேலை.
அதன் கூலி தனி:
மலையாளப் பத்திரிகையில் பொதிந்த
நாலு சாளை.