இடுப்பில் கோடு இல்லாத ஏழு

மூன்று மாதத்துக்கு ஒருமுறை
களியக்காவிளை சந்தை முக்கில் பஸ் இறங்குவேன்.
பையில் டார்ச், மரச்சுத்தியல், மடக்கு ஸ்கேல்,
ஈரத்தில் தடித்துப்போன டயரி.
ஆசீர் காம்ப்ளக்ஸ். மூன்று மாடி, பதினாறு கடை.

"குத்தம் கண்டுபிடிக்க வந்தாச்சா?"
மொபைல்கடை சஜின்தாஸ் தலைநிமிராமல் கேட்பான்.
பேக்கரி ஹிதாயத் கேட்பதில்லை.
கட்டன்சாயா ஒன்றை நீட்டிவிட்டு
அடுப்புக்கு மேல் கூரை வியர்ப்பதாகச் சொல்வார்,
டாக்டரிடம் மூலத்தைச் சொல்வது போல
குரலை இறக்கி.

சக்கையைத் தட்டிப் பார்ப்பார்களே, அதுதான் என் வேலையும்.
சக்கை பொத்தென்றால் நல்ல சேதி,
சுவர் பொத்தென்றால் இல்லை.

இந்த ஊரில் எடவப்பாதியும் நனைக்கும்
துலாமழையும் நனைக்கும்.
நடுவில் காய்வதற்குக் கட்டடத்துக்குக் கிடைப்பது
ஒரு மாசிவெயில்.
மொட்டைமாடி ஓடைக்குழாய் வாயில்
ஒரு பாலிதீன் கவர், இரண்டு சிகரெட் பெட்டி,
முளைத்து மூன்று இலை விட்ட ஆலஞ்செடி.
பிடுங்கினேன். வேர் என் கைநீளம் வந்தது.

ஜவுளிக்கடையில் தீயணைப்பு உருளை
கசவுசேலை உடுத்த பொம்மைக்குப் பின்னால்.
முள் சிவப்பில்.
பின்படிக்கட்டுக்குப் பூட்டு.
சாவி, நெய்யாற்றின்கரைக்குப்
பெண் பார்க்கப் போன மச்சானிடம்.
எழுதிக்கொண்டேன்.

கீழ்த்தளம், நாலாம் தூண்.
ஏப்ரலில் அதன் விரிசலுக்குக் குறுக்கே
கண்ணாடிச் சில்லு ஒன்றை சிமெண்டில் பதித்திருந்தேன்.
தூண் அசைந்தால் சில்லு உடையும்.
அதற்கு வேறொன்றும் தெரியாது.
சிமெண்ட் காய்வதற்குள் ஆணியால்
தேதியும் கீறி வைத்தேன்: 17-4.

டார்ச் அடித்தேன்.
முழுசாய் இருக்கிறது. கீறலும் இல்லை.
முதுகில் ஏதோ இளகியது.
"சரி" என்று எழுதப்போனவள்
ச-வோடு நின்றேன்.

நான் ஏழுக்கு இடுப்பில் கோடு போடுவேன்.
முதல் சைட்டில் என் ஏழை ஒன்றென்று படித்து
ஆறு டன் கம்பி குறைவாய் வந்த நாளிலிருந்து
போடாமல் விட்டதில்லை.
இந்த ஏழுக்குக் கோடில்லை.

மானேஜர் வில்பிரட் பக்கத்தில் வந்து நின்றார்,
படிவத்தோடு, மூடி கழற்றிய பேனாவோடு.
"பேங்குக்காரன் கேக்கியான் மேடம்.
ஒரு ஒப்பு போட்டா போதும்."

பெருக்கிக்கொண்டிருந்த லலிதபாய்
குனிந்தபடியே என் காலருகில் ஒரு பொட்டலம் வைத்தாள்.
மாத்ருபூமித் தாளில் இரண்டு துண்டு கண்ணாடி.
"இது ஒங்களுக்க இல்லியா?
மழைக்கு முந்தியே பொட்டியாச்சு."
வில்பிரட் பேனாவை மூடினார்.

நேர் மேலே ஏறினேன்.
டைல்ஸ்கடை குடோன்.
ஓணத்துக்கு விற்க இப்போதே இறக்கிய சரக்கு
மார்பளவு, சுவரிலிருந்து சுவர்வரை,
நடக்க ஒரு சாண் விட்டு.
ஒரு பெட்டியைத் தூக்கிப் பார்த்தேன். முடியவில்லை.

ஓனருக்குப் போன் போட்டேன்.
முதலில் சிரித்தார், பிறகு கத்தினார்,
பிறகு எத்தனை பெட்டி என்று கேட்டார்.
எல்லாம் என்றேன்.
கையெழுத்துக் கட்டத்தில் குறுக்கே ஒரு கோடு இழுத்து,
அடுத்த வருகை மூன்று மாதம் என்றிருந்ததை
மூன்று நாள் ஆக்கினேன்.

சுமட்டுக்காரர்கள் நாலுபேர் வந்தார்கள்.
அதுவரை நாலாம் தூணில் சாய்த்திருந்த பைக்கை
சஜின்தாஸ் எடுத்துப்போய்
ரோட்டுக்கு அந்தப் பக்கம் நிறுத்தினான்.
ஹிதாயத் அடுப்பை அணைத்துவிட்டு
வெளியே வந்து எண்ணத் தொடங்கினார்.

முப்பத்தெட்டாவது பெட்டிக்கு மழை பிடித்தது.
புதுச்சில்லு பதித்தேன்.
14-7.
ஏழின் இடுப்பில் ஆணியை அழுத்தி ஒரு கோடு.
கட்டன் ஆறிக் கிடந்தது,
அதையும் குடித்துவிட்டு
மேலே பார்த்துக்கொண்டு நின்றேன்.