நரம்பு தேடுகிறவள்

சீனப் பெருநாளுக்கு லேப் நான்கு நாள் மூடியிருந்தது.
நான் நான்கு நாளும் திறந்திருந்தேன்.

காரணம் கேட்காதே.
காரணம் என்று ஒன்று இருந்திருந்தால்
முதல் போத்தலோடு அது தீர்ந்திருக்கும்.

ஜெலுத்தோங், பதினோராவது மாடி.
கீழே பட்டாசு வெடிக்கும்போதெல்லாம்
கிளாசுக்குள் பீர் லேசாக அதிர்ந்தது.
பீர் தீர்ந்து மலிவு விஸ்கி,
அதுவும் தீர்ந்து
மீன் அவிக்க என்றைக்கோ வாங்கிவைத்த அரிசி மது.
சமையலுக்கானது. உப்புக் கரித்தது.
குடித்தேன்.

ஐந்தாம் நாள் விடிந்தது என்று சொல்ல முடியாது.
யாரோ விளக்கைப் போட்டார்கள், அவ்வளவுதான்.
நாக்கு தேங்காய் நார்.
காற்றாடியின் மூன்று இறக்கையும்
தனித்தனியாகக் கேட்டது.
இதயம் நெஞ்சில் இல்லை,
காதில், கழுத்தில், கண்ணிமையில் என்று
வாடகை பாக்கி வைத்தவனைப்போல
அறை மாறிக்கொண்டிருந்தது.

வயிற்றுப்போக்கு என்று லேப்புக்குச் சொன்னேன்.
"வெளியில மீஹூன் சாப்பிட்டியா?" என்றார் மேனேஜர்.
ஆமாம் என்று வைத்துவிட்டுக் குனிந்தேன்.
முதலில் பச்சைத் தண்ணீர்,
பிறகு சத்தம் மட்டும்.

இருபத்திரண்டு வருடம் ரத்தம் எடுத்த கை இது.
பால்குடிக் குழந்தைக்கு, கீமோ முடித்தவருக்கு,
நரம்பே இல்லை என்று மூன்று பேர் கைவிட்ட
ஆயர் ஈத்தாம் கிழவருக்கு.
தொட்டால் போதும்,
விரல் நுனியில் மீன்குஞ்சுபோலத் துள்ளும் நரம்பு.
அந்தக் கை
ஒரு குவளை தே ஓவை உதடுவரை கொண்டுபோக
மறு கையைத் துணைக்குக் கூப்பிட்டது.
பாதி தரையில்.

ஆறாம் நாள் இரவு
போர்வை நனைந்தது, புரண்டேன், மறுபக்கமும் நனைந்தது.
சுவரில் எறும்பு ஊர்ந்தது.
விளக்கைப் போட்டால் எறும்பு இல்லை.
இது எந்த வாசல் என்று எனக்குத் தெரியும்,
நோயாளிகளின் தாளில் படித்திருக்கிறேன்.
ஓர் எறும்பு என்றால் பொறுக்கலாம்,
கூட்டமாக வந்தால் ஆம்புலன்ஸ் என்று
கைப்பேசியில் மூன்று ஒன்பதை அழுத்தி வைத்துக்கொண்டு
விடியும்வரை சுவரைப் பார்த்திருந்தேன்.
அந்த ஒன்று திரும்பி வரவில்லை.

பிறகு ஒரு கிரீம் கிராக்கர், தே ஓவில் நனைத்து.
வயிற்றில் நின்றது.
இன்னொன்று. நின்றது.
மூத்திரம் முந்தாநாள் கொப்பி நிறம், நேற்று தேன்,
இன்று வெளுத்துவிட்டது.
சொன்னால் சிரிப்பாய்,
அதைப் பார்த்துத்தான் எனக்கு அழுகை வந்தது.

எட்டாம் நாள் வேலைக்குப் போனதும்
கோமளவல்லி என் விரல்களைப் பார்த்தாள்.
"உட்காரு" என்றாள்.
நோயாளி நாற்காலியின் கைப்பிடி
இவ்வளவு குளிர் என்று இத்தனை வருடம் தெரியாது எனக்கு.
முதல் குத்தில் நரம்பு நழுவியது.
"காஞ்சு போய்க் கெடக்குற" என்றாள்.
வேறெதுவும் சொல்லவில்லை.

நாற்பதுக்குள் இருக்க வேண்டிய ஜிஜிடி
முன்னூற்றுப் பன்னிரண்டு.
தாளை நான்காக மடித்து
என் சட்டைப் பையில் அவளே வைத்தாள்.
மெல்லத்தான் இறங்கும், வாரக்கணக்கில்.
கல்லீரல் வலிக்கிறது என்றுகூடச் சொல்லாது,
தாளில் எழுதிக்கொடுத்தால்தான் உண்டு.

அன்று நள்ளிரவு, ஒன்பதாம் நாள் பிறக்கும்போது
ஃபிளாட்டுக் கார் நிறுத்துமிடத்தில்
ஹொக்கியன்காரர்களின் நீள மேசை, சிவப்புத் துணி,
இருபுறமும் வேரோடு கட்டிய கரும்பு.
சாமி கும்பிட்டு முடித்ததும் கரும்பை வெட்டினார்கள்.
ஏழாம் மாடி ஆ செங் என்னைப் பார்த்து
இரண்டு கையையும் நீட்டினார்:
ஒன்றில் கரும்புத் துண்டு,
ஒன்றில் டின் பீர்.

நான் யோசிக்கவில்லை. கை யோசித்தது.
கொஞ்ச நேரம் யோசித்தது.

கரும்பைக் கடித்தேன். கடைவாய்ப் பல் கூசியது.
இனித்தது.
சாறு மணிக்கட்டில் வழிந்தபோதும்
விரல் சின்னதாக ஆடிக்கொண்டுதான் இருந்தது.
டின் இன்னும் அவர் கையில்,
வெளியெல்லாம் வியர்த்துக்கொண்டு,
ஆறாம் நாள் இரவு
நான் வியர்த்ததுபோல.