காலியா, லோடா

வெங்கிடுபதி அவினாசியிலிருந்து தனியாகத்தான் வந்தார்.
பக்கத்து சீட்டில்
பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தது
ஐந்து லிட்டர் எண்ணெய் டப்பா.

"முள்ளு எந்திரிக்கவே மாட்டேங்குதுங்க அம்மணி.
வாரம் ஒரு லிட்டர் ஊத்தறேன்.
குடிக்குதா, கொட்டுதா, ஒண்ணும் தெரீல."

நாற்பது வருஷத்து ஜெர்மன் வண்டி, சிவப்பு.
எஞ்சின் பின்னால்,
எண்ணெய்க்கென்று பக்கத்திலேயே தனித் தொட்டி.
வந்து நின்றபோது புகை நீலமாக இருந்தது.
திகட்டிப்போன வயிற்றின் ஏப்பம்.

குச்சியை உருவி, பனியன் வேஸ்ட்டில் துடைத்து,
விட்டு எடுத்தேன்.
மேல்கோட்டைத் தாண்டி நாலு விரற்கடை மினுங்கியது.
"இதைப் பாக்கலீங்களா?"
"அது வெறும் கம்பிதானுங்களே.
முள்ளுக்குப் பின்னால லைட்டெல்லாம் எரியுது."

முழுக்க வடித்தோம், நானும் அன்சாரியும்.
லிட்டர் குவளையில் அளந்து அளந்து திரும்ப ஊற்றியபோது
மூன்று லிட்டர் மிச்சம்.

அப்புறம் ஒயர்.
தொட்டித் தலையிலிருந்து பிடுங்கி
பாடியில் தொட்டேன்.
"ஏறுதுக்கா! முட்டி நிக்குது!"
அப்படியென்றால் மீட்டர் யோக்கியன்,
ஒயரும் யோக்கியன்.
பொய் தொட்டிக்குள் இருக்கிறது.

மிதவையைக் கழற்றி மல்டிமீட்டர் மாட்டி
ஒற்றை விரலால் தூக்கினேன்.
எண்கள் இறங்கின, இறங்கின,
ஓரிடத்தில் அறுந்தன.
மயிர்க் கனத்தில் ஒரு கம்பிச்சுருள்,
அதன்மேல் அரிசியளவு கருப்பு.
அவ்வளவுதான்.
அதற்காகத்தான் இவர் ராத்திரி தூங்காமல்
போர்டிகோவில் டார்ச் அடித்துக்
காருக்கடியில் சொட்டு தேடியிருக்கிறார்.

ஸ்பிரிட், துணி, அன்சாரி மகளின் ரப்பர்.
அரைமணி நேரம், மூச்சை அடக்கி.

மாட்டி, சூடேறும்வரை ஓடவிட்டு, ஐடிலில் வைத்தால்
முள் எழுந்தது.
கால்வாசியில் நின்றுகொண்டது.
பாதியைத் தாண்ட வேண்டியது.
அளந்து ஊற்றியவள் நான்.
வெங்கிடுபதியின் கை டப்பாவைத் தேடியது.
"தொடாதீங்க" என்றேன், கொஞ்சம் சத்தமாகவே.

மறுபடி ஒயர். மறுபடி எர்த்து. மறுபடி மிதவை.
டீ ஆறியது.
அன்சாரி கைதவறி விட்ட நட்டு
யாரும் தள்ளாமல்
நேராக உருண்டு போனது சாக்கடைப் பக்கம்.

மழைத்தண்ணி வடிய
கொத்தனார் கூடவே நின்று
நான் போடவைத்த வாட்டம்.

சமதரை தேடிக் கிளம்பினோம்.
டப்பா என் மடியில்.
பங்க் வாசல் வாட்டம். கல்யாண மண்டப வாசல் வாட்டம்.
சர்வீஸ் ரோடு கேட்கவே வேண்டாம்.
இத்தனை வருஷம் இங்கே வண்டி பார்க்கிறேன்,
ஊரே நொய்யலைப் பார்த்துச்
சாய்ந்து நிற்பது இன்றைக்குத்தான் தெரிந்தது.

கருமத்தம்பட்டி தாண்டி எடைமேடை.
ஏறி நின்றோம்.
கண்ணாடிக்குப் பின்னாலிருந்து ஒரு பெண்:
"காலியா, லோடா?"

ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம்.

"எண்ணெய் பாக்கோணும் கண்ணு. சித்த நேரம்."
பின்னால் பஞ்சு லாரிக்காரன்
ஹாரனில் கைவைத்தவன் எடுக்கவில்லை.
எஞ்சின் மட்டும் அவசரமில்லாமல் ஓடியது.
முள் நகர்ந்ததை நான் பார்க்கவில்லை.
பார்த்தபோது பாதியைத் தாண்டி நின்றிருந்தது,
எப்போதும் அங்கேயே நின்றதுபோல.

வெங்கிடுபதி ஒன்றும் சொல்லவில்லை.
மீட்டர் கண்ணாடியைக் கட்டைவிரலால்
ஒருதரம் துடைத்தார்.

சீட்டு வந்தது:
ஆயிரத்து முந்நூற்று நாற்பது கிலோ.
எங்கள் இருவரையும் டப்பாவையும் சேர்த்து.
பொருள் என்ற இடத்தில்
அந்தப் பெண் 'எண்ணெய்' என்று எழுதியிருந்தாள்.

நீலாம்பூரில் என்னை இறக்கிவிட்டார்.
"இனி அது எதுக்குங்க,
ஷெட்டுலயே வெச்சுட்டுப் போங்க."
"இருக்கட்டுங்க அம்மணி."
குனிந்து டப்பாவை சீட்டில் வைத்து
பெல்ட்டை இழுத்தார்.
கிளிக்.