மூன்றாவது தலை

காளவாசல் தாண்டி பைபாஸ் ரோட்டில்
ஆரஞ்சுக் கூம்புகள் நட்டு
வலது ஓரத்தைத் தனியே பிரித்தார்கள்.
காருக்குள் மூன்று தலை இருந்தால் அந்தப் பாதை.
குறைந்தால் இடப்பக்கம், வழக்கமான நரகம்.
ஒரு மாதம் சோதனை என்றார்கள்.
தலை எண்ண என்னைப் போட்டார்கள்:
தினக்கூலி, தொப்பி, விசில்,
கட்டம் போட்ட ஒரு நோட்டு.

முதல் நாள் எட்டே காலுக்கு
திருமங்கலம் பஸ் இடப்பக்கம் நின்று புகைந்தது.
உத்தரவில் கார் என்று மட்டும்தான் இருந்தது.
"எண்ணிப் பாரும்மா,
படியில தொங்குறதையும் சேத்து" என்றார் டிரைவர்.
எண்ணினேன். எழுபத்தி நாலு.
எழுத நோட்டில் கட்டம் இல்லை.
பின்னால் வந்த ஷேர் ஆட்டோவில் பதினொரு தலை.
அதனிடம் மூன்றாக இருந்தது
சக்கரம் மட்டும்.

மறுநாளே ஊர் கற்றுக்கொண்டது.
ஒரு காரின் பின் சீட்டில்
சிரித்தபடி ஒரு பெண், இமைக்காமல்.
முந்தானையில் விலைச்சீட்டு ஆடியது.
விளக்குத்தூண் ஜவுளிக்கடைப் பொம்மை.
சீட் பெல்ட் போட்டிருந்தது.
ஓட்டி வந்தவர் போடவில்லை.

இன்னொருவர் மனைவியின் ஸ்கேன் தாளை நீட்டினார்.
"இந்தா மூணாவது ஆளு, அஞ்சு மாசம்."
மேலிடத்துக்குப் போன் போட்டேன்.
பின்னால் ஹாரன், ஹாரனுக்குப் பின்னால் ஹாரன்.
மேலிடம் யோசித்துவிட்டு
வெளியே தெரிந்தால்தான் தலை என்றது.
அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்:
"வந்ததும் எண்ணிக்கிடுங்கக்கா,
அது எங்க ஓடிறப் போகுது."

முத்துப்பட்டியிலிருந்து பக்கத்து வீட்டுக்காரர்கள் இருவர்.
சாக்கடைத் தகராறில் நாலு வருஷமாகப் பேச்சில்லை.
ஒரே வங்கி, ஒரே நேரம், இப்போது ஒரே கார்.
பின்னால் தூங்கும் ஒரு காலேஜ் பையன்.
மாதம் முழுக்க
அந்தக் காரில் ரேடியோ மட்டும் பேசியது.

வீரணன் நாலாம் நாள் வந்தார்.
ராத்திரி கல்யாண மண்டபத்தில் காவல்.
காலையில் நிறுத்தத்தில் நின்று
மூன்று விரலை உயர்த்திக் காட்டுவார்.
பழங்காநத்தம் வரை மூன்றாவது தலை, முப்பது ரூபாய்.
ஏசி வண்டி என்றால் இருபத்தைந்து,
"நமக்கும் சேத்துல்ல குளிருது."
திரும்பி வர ஷேர் ஆட்டோவுக்குப் பத்து.
தனியாக வருகிற கார்களுக்கு
மச்சினனையும் சேர்த்துக் கொடுத்தார்.
வெள்ளைச் சட்டை, பையில் சீப்பு.
"கூலிக்கு ஏத்துன மாதிரித் தெரியக் கூடாது தாயி.
பாத்தா மாமன் மாதிரி இருக்கணும்."

பிடித்துக் கொடுத்திருக்கலாம்.
உத்தரவு தலையைத்தான் கேட்டது,
உறவைக் கேட்கவில்லை.

ஒரு வெள்ளை ஆல்டோ மட்டும் தினமும் ஒன்பது பத்துக்கு.
ஓட்டுகிறவருக்கு ஐம்பது இருக்கும், பேர் தெரியாது.
வீரணன் முன்னால், மச்சினன் பின்னால்.
வீட்டு லோன், சர்க்கரை, துபாயில் மகள்,
எல்லாம் வீரணன் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.
"யார்ட்டயும் பேசுறதில்ல போல.
ஏறி உக்காந்ததும் கொட்ட ஆரம்பிச்சிருவாரு."

முப்பதாம் நாள் கணக்குப் பார்த்தார்கள்.
எட்டு நிமிஷம் மிச்சம் என்றார் அதிகாரி.
யாருக்கு என்று சொல்லவில்லை.
கூம்புகளை ஒன்றின் மேல் ஒன்றாகக் கவிழ்த்து
லாரியில் ஏற்றினார்கள்.

மறுநாள் தொப்பியையும் விசிலையும் ஒப்படைக்கப் போனேன்.
வலது, இடது எல்லாம் ஒரே கூட்டம்.
பஸ் அதே இடத்தில் புகைந்துகொண்டிருந்தது.
ஒன்பது பத்து.
எந்த விரலையும் உயர்த்தாமல்
நிறுத்தத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தார் வீரணன்.
மச்சினன் வரவில்லை.

ஆல்டோ ஓரம் கட்டி நின்றது.
கண்ணாடி இறங்கியது. என்ன பேசினார்களோ.
வீரணன் டம்ளரை வைத்துவிட்டு
தலையைச் சீவிக்கொண்டு ஏறினார்.

நோட்டை இன்னும் கொடுத்திருக்கவில்லை.
பழக்கத்தில் கை எழுதியது:
இரண்டு.
எந்தப் பாதைக்கும் போதாத இரண்டு,
நெரிசலுக்குள் ஊர்ந்து போனது,
பேசிக்கொண்டே.