இடது காது

சோமனூரில் தறிகள் வாய் மூடுவது
மாதம் ஒருநாள், பராமரிப்பு மின்தடையில்.
அப்படி ஒரு நாளில்தான் கண்டுபிடித்தேன்,
என் இடது காதில் மட்டும் தறி ஓடிக்கொண்டிருப்பதை.

டாக்டர் மிஷின் வைக்கலாம் என்றார். விலையையும் சொன்னார்.
திரும்பும் வழியில் கருமத்தம்பட்டிப் பிரிவில்
பஸ்ஸுக்கு நின்றபோது ஒரு பைக்.
வந்தது தெரியவில்லை, போனதுதான் தெரிந்தது.
பையில் எழுபது ரூபாயும்
நூல் வெட்டும் கத்தரிக்கோலும் இருந்தன.
முப்பத்தேழு வயதில் சண்டை படிக்க
இது போதுமா என்று கேட்காதீர்கள்.
கோபம் கத்தரிக்கோலுக்காகத்தான்.

முதலில் கராத்தே. பேக்கரி மாடி.
பன் வேகிற வாசனையில்
நாற்பது பொடிசுகளுக்கு நடுவே நான்.
இச்சி, நீ, சான் என்று எண்ணினார்கள்.
நீ என்றால் இரண்டாம்.
ஒவ்வொரு தடவையும் யாரோ என்னைச் சுட்டுவதாகப் பட்டு
ஒரு குத்து பிந்தினேன்.
"சத்தத்துக்கு அடிக்கோணுங், பாத்துப் பாத்து அடிக்கப்படாதுங்"
என்றார் மாஸ்டர். நல்ல மனுசன்.
ஆறு மாதத்தில் பச்சைப் பெல்ட், பரீட்சைப் பணம் தனி.
சேர்ந்த அன்றைக்கே ஒரு டீசர்ட் இலவசம்.
முதல் துவையலில் தோள்தையல் விட்டுவிடும் என்று
கையில் வாங்கும்போதே தெரிந்தது.

சிலம்பம் எனக்குப் பிடித்தது, பொய் சொல்லவில்லை.
சாமளாபுரத்துக் குளக்கரை, சாயங்கால வெயில்,
கம்பு காற்றைக் கிழிக்கிற ஓசையை வைத்தே
அடுத்த வீச்சை அறிந்துகொள்வார்கள்.
என் இடப்பக்கம் வந்த கம்புக்கு ஓசையே இல்லை.
புருவத்தில் மூன்று தையல்.
அன்றிரவு வீட்டுக்காரர் பேசியதை
வலது காதைத் தலையணையில் அழுத்திக்கொண்டு
முழுதாகக் கேட்டேன்.

சூலூரில், மூடிய மில்லின் பஞ்சுக் கிடங்கில் ஜூடோ.
பகலில் சர்வீஸ் ஸ்டேஷனில் பில் போடும் பூங்கோதை
பெல்ட் பேச்சே எடுக்கவில்லை.
"ஒரு வாரம் சும்மா உக்கோந்து பாருங்கொ.
புடிக்கலீன்னா போயிருங்கொ."
பார்த்தேன்.
விழுந்தார்கள். எழுந்து மறுபடி விழுந்தார்கள்.
காசு கொடுத்து விழக் கற்பவர்களை அன்றுதான் பார்க்கிறேன்.
ஒருத்திக்கு முழங்கால் பிசகியபோது
அவளை எறிந்தவளே முதலில் ஐஸுக்கு ஓடினாள்.

எட்டாம் நாள், கழுத்துப்பட்டையைப் பிடிக்கச் சொன்னாள்.
கை முதலில் துணியைத்தான் பார்த்தது.
ரெட்டை ஊடை, அரிசி அரிசியாய் நெசவு, நல்ல இறுக்கம்.
அப்புறம்தான் துணிக்குப் பின்னால் ஆள்.
வலது காலைத் தூக்கப் போகிறாள் என்பது
காலுக்கு முன்னால் பட்டைக்கு வந்துவிட்டது,
அறப்போகிற இழையைப் பற்றித் தறிச்சட்டம்
உள்ளங்கையிடம் முன்கூட்டிச் சொல்வதுபோல.
தெரிந்தது. தெரிந்தும் விழுந்தேன்.
இரண்டு மாதம் விழுந்தேன்.

அந்தப் பைக் திரும்ப வந்தால் என்ன செய்வேன்
என்று வீட்டுக்காரர் கேட்கிறார்.
தெரியாது. பைக்குக்குக் கழுத்துப்பட்டை கிடையாது.

நேற்று அடுத்த தறி மயிலாத்தா
உதட்டையும் கையையும் வைத்துக் கேட்டாள்:
மகளை எதில் சேர்க்க? எது பெரிய சண்டை?
எது பெரிசென்று நான் எங்கே கண்டேன்.
அவள் மகளுக்கு எறும்பு ஊர்வதும் கேட்கும்,
ஓரிடத்தில் நிற்கவும் மாட்டாள்.
குளக்கரைக்கு அனுப்பலாம்.
சோமனூரில் பஸ் ஏறுவதானால் ஏழு மணிக்கு மேல் கஷ்டம்,
அதையும் பார்க்கவேண்டும்.
இதெல்லாம் தறிச் சத்தத்தில் எப்படிச் சொல்ல?
போய் ஒரு ஓரமாய் உட்கார்,
அடிபட்டவளிடம் யார் முதலில் வருகிறார்கள் பார்
என்று வாயசைத்தேன்.
என்னது, என்றாள்.
மறுபடி சொல்ல வாயெடுக்கையில்
மூன்றாம் தறியில் இழை அறுந்தது.
நான் திரும்புமுன்பே
கை போயிருந்தது.