நாற்பத்தொன்றாம் தாள்

ஆவணி வெயில் உச்சிக்கு ஏறினால்
குலசேகரத்தில் ரப்பர் காய்கள் வெடிக்கும்.
ஆஸ்பெஸ்டாஸ் கூரைமேல் ஒன்று, இரண்டு,
பிறகு யாரோ கோபத்தில் அள்ளி எறிவதுபோல.
தராசின் கடைசி இலக்கம்
ஒவ்வொரு விதைக்கும் ஒருமுறை நடுங்கும்.
அது அமரும்வரை மூச்சுவிட மாட்டேன்.

ரெத்தினபாய் சாக்கை இறக்கிவிட்டுக் கேட்டாள்:
"இந்த எண்ணெயில என்னத்தப் பொரிக்கப் போறிய?"
ஒன்றும் பொரிப்பதில்லை என்றேன்.
"ஆடு தின்னா செத்துப்போவும், கேட்டியளா."
தெரியும்.
நனைந்த விதையில் அமிலம் ஏறும் என்று
கிலோவுக்கு இரண்டு ரூபாய் குறைத்தேன்.
"மழைய நானா பெய்ய வச்சேன்?"

பி.வி.சி. தனியாக இருந்தால்
வளையாது, முறியும்.
இறுகக் கைகோத்து நிற்கிற கூட்டம் அது.
நடுவே ஓர் எண்ணெய் நுழைந்து
கொஞ்சம் தள்ளி நில்லுங்கள் என்றால்தான்
மழைக்கோட்டு, பாப்பா செருப்பு, ரத்தப் பை.
இத்தனை காலம் அப்படிச் சொல்லி வந்தது தாலேட்.
சொல்லிவிட்டு அங்கேயே இருந்தால் பரவாயில்லை.
கொழுப்பைக் கண்டால் கிளம்பிவிடும்.
பாலில் கொழுப்பு.
ரத்தத்தில் கொழுப்பு.

ஆசாரிப்பள்ளத்தில் அக்கா மகன்
ஆயிரத்து நூற்றிப் பத்து கிராமாகப் பிறந்து
கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்த பதினெட்டு நாளும்
நான் அவன் முகத்தைப் பார்க்கவில்லை,
குழாயைப் பார்த்தேன்.
எவ்வளவு மென்மை.
அந்த மென்மை எங்கிருந்து வந்தது,
சொட்டுச் சொட்டாய் எங்கே போகிறது என்று
அந்த வார்டில் தெரிந்த ஒரே ஆள் நான்.
அக்காவிடம் சொல்லவில்லை.
குழாய் இல்லாவிட்டால் அவன் இல்லை.

விதை எண்ணெயைச் சூடாக்கி
பெராக்சைடைத் துளித்துளியாய் விடவேண்டும்.
அவசரப்பட்டால் பொங்கிவிடும்,
ஒருமுறை பொங்கியது, கூரையில் கறை இருக்கிறது.
இரட்டைப் பிணைப்பு இருந்த இடத்தில்
ஓர் ஆக்சிஜன் வந்து குந்தும்,
மூன்று கல் அடுப்புபோல ஒரு சின்ன முக்கோணம்.
பருமனான எண்ணெய், சட்டென்று நழுவாது.

ஏழாம் தாள் மஞ்சளித்தது.
பத்தொன்பது, குளிர்பெட்டியில் அப்பளம் ஆனது.
முப்பத்து மூன்று வியர்த்தது,
தொட்ட விரலைச் சோப்புப் போட்டும் விடவில்லை.
நாற்பத்தொன்றை மடித்தேன்,
மடிப்பு நிற்கவில்லை.
எண்ணெயில் ஒரு வாரம் ஊறியும்
எடை ஏறக்குறைய அப்படியே.
ஷெர்லின் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து
"கொள்ளாம்" என்றாள்.
அதற்குமேல் அவள் யாரையும் புகழ்ந்ததில்லை.

பிறகு ரத்த வங்கியிலிருந்து கடிதம்.
பழைய பையில் சிவப்பணு ஆறு வாரம் தாங்குகிறது,
உங்கள் பையில் நாலாம் வாரமே உடைகிறது.
கசிந்த அதே தாலேட்தான்
அணுக்களின் தோலுக்குள் போய் உட்கார்ந்து
அவற்றை உடையாமல் பிடித்து வைத்திருக்கிறது.
இதை எந்தத் தலைப்பின்கீழ் எழுதுவது?
நஞ்சுக்கு நன்றி சொல்ல
அறிக்கையில் பத்தி கிடையாது.
"குழாய்க்கு ஆகும், பைக்கு ஆகாது"
என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

இன்று அக்கா வந்திருக்கிறாள்.
நாலு வயசு மகன்
சாக்கிலிருந்து ஒரு விதையை எடுத்து
சிமென்ட் தரையில் பரபரவென்று தேய்த்து
என் முழங்கையில் வைக்கிறான்.
சுரீர் என்றது.
அவன் சிரிப்பில் தராசு ஆடுகிறது,
ஆடட்டும்.
ரெத்தினபாய்க்கு இன்னும்
நானூற்று இருபது ரூபாய் பாக்கி.