தாமதத்துக்கான காரணம்

பாரத்தில் அந்தப் பெட்டிக்கு
இரண்டு வரி இடம்.

ஜெலுத்தோங், பதினோராம் மாடி, நெஞ்சுவலி.
எங்களுக்கு வந்த அழைப்பு அது ஒன்றுதான்.
டத்தோ கிராமாட் சாலை வளைவில்
மழைத்தண்ணீரில் கவிழ்ந்து கிடந்தது ஒரு மோட்டார்.
பக்கத்தில் பையன்,
தொடையிலிருந்து ரத்தம் கொப்பளிக்க.

நிற்காதே, வேறு வண்டி வரும் என்றது ரேடியோ.
விதியும் அதுதான்.
எத்தனை நிமிடத்தில் என்று
இரண்டும் சொல்லவில்லை.

ஹாஃபிஸ் பிரேக்கை மிதித்தான்.
நான் சொன்னேனா, அவனாகவா,
இன்னும் தெளிவில்லை.
காயத்தில் துணியைத் திணித்து
சாத்தே கடைக்காரரின் கையை அதன்மேல் வைத்து
எடுக்காதீங்க என்று மலாயில் கத்திவிட்டு
ஓடினோம்.
நான்கு நிமிடம்.

பதினோராம் மாடியில்
திருமதி கோ கதவைப் பிடித்தபடியே நின்றார்,
காற்று சாத்திவிடக் கூடாதென்று.

உயிர் முன்பே போயிருக்கும் என்றார் டாக்டர்.
எவ்வளவு முன்பே?
நான் கேட்கவில்லை.

வார்டில் பையன் மீ கோரேங் கேட்டானாம்.

"சாலை நெரிசல்னு போடும்மா, கோகிலவாணி.
மழை நாள்தானே, யார் பார்க்கப்போறா"
என்கிறார் மேலாளர் இதயசீலன்.
நல்ல மனிதர்.
ஹாஃபிஸுக்குப் போன மாதம்தான் குழந்தை.

எழுதுகிறேன்:
நிறுத்தச் சொன்னது நான்.

இன்னும் ஒரு வரி
மிச்சம் இருக்கிறது.